சதுரங்கப்பட்டினத்துக் கையெழுத்து

இன்று காலை மருந்துக் கடைக்குப் போகும் வழியில் ஒரு சைக்கிள் கடைக்காரர் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த சொல்யூஷன் வாசனை மூக்கில் ஏறியதும் என் கால் தானாக நின்றுவிட்டது. அவர் நிமிர்ந்து பார்த்து, "இன்னா பாட்டிம்மா, காத்து அடிக்கணுமா?" என்றார். என்னிடம் சைக்கிள் எங்கே இருக்கிறது? "சும்மாதான் பார்த்தேன்ப்பா" என்று சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் உனக்கு எழுத வேண்டும் போலிருந்தது. நீ போய் நாற்பது நாள் ஆகிறது. நீ இருந்தவரை நான் உனக்கு ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. உனக்கு உன் பெயரை எழுத வரும், அதற்கு மேல் எழுத்தோடு பழக்கம் கிடையாது. நான் எழுதினால் உன் மகள் சரோஜாதான் படித்துக் காட்ட வேண்டும். அவள் படிக்கக் கூடாத விஷயம் ஒன்று நம் இருவருக்கும் நடுவில் இருந்தது. இனி அந்தப் பயம் இல்லை. ஆகவே தாராளமாக எழுதுகிறேன்.

செங்கல்பட்டு ஸ்டேஷனிலிருந்து நம் தெருவுக்குத் திரும்பும் முனையில் உன் கடை. எட்டு வாடகை சைக்கிள், ஒரு பம்பு, தண்ணீர் நிறைந்த இரும்புச் சட்டி. உன் கணவர் காய்ச்சலில் போன பிறகு, சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்திலிருந்து உன் அண்ணன்மார் வந்து, கடையைக் கொடுத்துவிட்டுக் கிராமத்துக்கு வரச் சொன்னார்கள். நீ பம்பிலிருந்து கையை எடுக்காமலே, "எம் பொண்ணு காலேஜி போவுது. அங்க வந்து அது நாத்து நடுமா?" என்று கேட்டாய். அவர்கள் உன்னிடம் மறுபேச்சுப் பேசவில்லை. போகும்போது ஆளுக்கொரு டயருக்குக் காற்று அடித்துக்கொண்டு போனார்கள்.

நான் எதிர்வரிசையில் குடியிருந்த ஆரம்பப் பள்ளி ஆசிரியை. என் கணவருக்கு ரயில்வேயில் வேலை. அப்போது விழுப்புரத்துக்கு மாற்றல், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வருவார். தெரு முழுக்க என்னை "டீச்சரம்மா, நீங்க" என்றுதான் கூப்பிடும். நீ முதல் நாளே, "இன்னா டீச்சரே, உன் புள்ளயும் எம் பொண்ணும் ஒரே ரயில்ல தான் போவுதாமே" என்று 'நீ' போட்டாய். எனக்குச் சுருக்கென்றது. ஒரு மாதம் கழிந்தபின் நீ ஒரு நாள் மரியாதையாகப் பேசினால்தான் என்ன கோபமோ என்று கவலைப்படும்படி ஆகிவிட்டது.

என் மகன் பாலுவும் உன் சரோஜாவும் ஒரே வருஷம் பி.எஸ்ஸி. முடித்தார்கள். இரண்டு பேருக்குமே டாக்டர் படிப்பு மேல் ஆசை. இருபது, இருபத்தோரு வயதுப் பிள்ளைகள். பாலுவுக்கு அவன் அப்பா ரயில்வேயில் ஒரு வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். சரோஜாவுக்கு உன் அண்ணன் வீட்டிலேயே மாப்பிள்ளை தயாராக இருந்தார். நாம் இருவரும் இரண்டையும் தள்ளிப் போட்டோம். இருந்ததோ கொஞ்சம் இடம், கேட்டதோ சென்னை ராஜதானி முழுக்க. சரோஜாவின் மார்க்கு பாலுவைவிட ஒரு பிடி கூடுதல். அதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் தினம் ஒரு முறை நினைத்துக்கொள்வேன்.

விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாளுக்கு முந்தின நாள். காலேஜில் நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கப் பிள்ளைகள் இருவரும் காலை ரயிலில் போய்விட்டார்கள். இந்த ஜில்லாக்காரர்கள்தான் என்று விண்ணப்பத்திலேயே தாசில்தார் கையெழுத்துப் போட வேண்டும். அது நம் பொறுப்பு. இரண்டு விண்ணப்பங்களையும் துணிப்பையில் வைத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனால், தாசில்தார் மகாபலிபுரத்தில் முகாம் என்றார் சேவகர். "எப்ப வருவாரு?" என்று நீ கேட்டாய். "நாளை மறுநாள்."

நீ என்னைப் பார்த்தாய். "டீச்சரே, இன்னிக்கு லீவு போடு. பஸ்ஸு நிக்குது."

மகாபலிபுரம் போய்ச் சேர்ந்தால் பங்களாக் காவல்காரர், ஐயா விடிகாலையிலேயே சதுரங்கப்பட்டினம் போய்விட்டார், கடல் ஏறிக் குப்பத்தில் குடிசைகள் போய்விட்டன, கணக்கெடுக்கப் போயிருக்கிறார் என்றார். அடுத்த பஸ் மத்தியானத்துக்கு மேல். எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ அங்கே ஒரு சைக்கிள் கடைக்குள் நுழைந்து, உனக்குத் தெரிந்தவராம், ஒரு சைக்கிளோடு வெளியே வந்தாய். டயரை அமுக்கிப் பார்த்தாய். புடவையை வரிந்து செருகிக்கொண்டாய். "கேரியர்ல ஏறு" என்றாய்.

"எனக்கு நாற்பத்து மூணு வயசு" என்றேன்.

"எனுக்கு மட்டும் இன்னா, பதினாறா?"

"டபுள்ஸ் போனா போலீஸ் பிடிப்பான்."

"இந்த ரோட்டுல போலீசு ஏது? நண்டு தான் கீது. ஏறு."

ஏறினேன். ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, மடியில் துணிப்பை, ஒரு கையால் கேரியர் கம்பியையும் மறுகையால் உன் இடுப்பையும் பிடித்துக்கொண்டு, சவுக்குத் தோப்பு ஓரமாகப் போனேன். மணல் மூடிய இடத்தில் இறங்கித் தள்ளினோம். எதிரே வந்த மீன்காரப் பெண்கள் கூடையைத் தலையில் பிடித்துக்கொண்டே நின்று சிரித்தார்கள். ஒருத்தி, "எங்க அக்கா, மருமவ வூட்டுக்கா?" என்றாள். "இல்ல, டாக்டருக்குப் படிக்கப் போறோம்" என்று நீ கத்தினாய். அதற்குப் பிறகு போகிற வழி முழுக்க நான் பயப்பட்டதாக ஞாபகம் இல்லை.

சதுரங்கப்பட்டினத்தில் இடிந்த கோட்டைச் சுவரைத் தாண்டி, கரையோரம் தாசில்தார் நின்றிருந்தார். சுற்றிலும் குப்பத்து ஜனங்கள், குடிசை போனவர்கள். அவர்கள் எல்லோரும் பேசி முடிக்கும்வரை நாம் காத்திருந்தோம். முண்டியடித்துக்கொண்டு போகலாம் என்று நான் சொன்னதற்கு நீ, "அவுங்க வூடே பூட்ச்சி. நமுக்கு வெறும் காயிதம் தானே" என்றாய். வெயில் உச்சிக்கு வந்த பிறகு நம்மைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஆபீசுக்கு வராம கடற்கரைக்கா வருவீங்க?"

"நீங்க ஆபீசுல இருந்தா நாங்க ஏன் சார் கடலாண்ட வரோம்?" என்றாய்.

கோபிப்பார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார். கரையில் ஏற்றியிருந்த ஒரு கட்டுமரத்தின் மேல் இரண்டு விண்ணப்பங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காற்றில் பறக்காமல் நீ கையால் அழுத்திக்கொள்ள, பக்கம் பக்கமாகப் புரட்டிக் கையெழுத்துப் போட்டார். சேவகர் பெட்டியிலிருந்து முத்திரை எடுத்துக் குத்தினார். "ரெண்டு பிள்ளைங்களும் ஒரே இடத்துக்குப் போட்டி. நீங்க ரெண்டு பேரும் ஒரே சைக்கிள்ல வர்றீங்க. நல்ல கூத்தும்மா" என்றார்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில், மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று மாணவர் கையெழுத்துப் போட வேண்டிய இடம். பாலு போட்டிருந்தான். சரோஜாவின் தாளில் அந்த இடம் காலியாக இருந்தது. அதற்குக் கீழேயே தடித்த ஆங்கில எழுத்தில், கையெழுத்து இல்லாத விண்ணப்பம் ஏற்கப்படாது என்று அச்சடித்திருந்தது.

சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. தாள்களை அடுக்கிப் பையில் வைத்தேன்.

திரும்பும்போது காற்று நமக்குச் சாதகம். நீ பாட்டுக்கு மிதித்தாய். உன் ரவிக்கை முதுகு முழுக்க வேர்வை. நான் பின்னால் உட்கார்ந்து அந்த வேர்வையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு பெயர் குறைந்தால் என் பிள்ளைக்கு ஒரு இடம் கிட்டே வரும் என்று என் மனம் சொல்லிற்று. நானா அதைக் காலியாக விட்டேன், சரோஜாதானே மறந்தாள் என்றும் சொல்லிற்று. அப்புறம் சாயங்காலம் சொல்லலாம் என்று சமாதானம் சொல்லிற்று. வழியில் நுங்கு விற்றவரிடம் நீ வாங்கி, இளசாகப் பார்த்துப் பார்த்து என் பக்கம் தள்ளினாய். "இன்னா டீச்சரே, மூஞ்சி வாடிப் பூட்ச்சி. வெயிலா?" என்று கேட்டாய். "ஆமாம், வெயில்" என்றேன்.

பஸ்ஸில் செங்கல்பட்டு வந்து உன் கடை வாசலில் இறங்கும்போது நாலு மணி இருக்கும். பையை உன்னிடம் நீட்டினேன். நீ வாங்கிக்கொள்ளவில்லை. "ரெண்டும் உன்னாண்டயே இருக்கட்டும். உனுக்கு தான் இங்கிலீசு தெரியும். எல்லாம் சரியா கீதான்னு பாத்து காலையில குடுத்து அனுப்பு" என்றாய்.

பையோடு நடந்தேன். என் வீட்டு வாசல் வரை போனேன். பூட்டைத் திறந்தேன். பையை மேஜை மேல் வைத்தேன். வைத்த இடத்தில் அது இருப்பதைப் பார்க்க முடியவில்லை. எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். நீ சட்டியில் டியூபை முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தாய்.

"சரோஜா கடைசிப் பக்கத்துல கையெழுத்துப் போடல. இப்பதான் பார்த்தேன்" என்றேன்.

நீ தலை நிமிரவில்லை. "அப்டியா? இப்பனாச்சும் பாத்தியே. வந்ததும் போட சொல்றேன்" என்றாய். குமிழி வந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டே, பக்கத்துக் கடையில் எனக்கு ஒரு கலர் சோடா சொன்னாய். அதை ஒரே மூச்சில் குடித்தேன். சாயங்கால ரயிலில் பிள்ளைகள் வந்தார்கள். சரோஜா நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரு சைக்கிள் சீட்டின் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

அந்த வருஷம் இரண்டு பேருக்கும் பேட்டிக்கு அழைப்பு வந்தது. சென்னையில் அந்த நீண்ட வராந்தாவில் நாம் இருவரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். உள்ளே இருதயத்தின் வால்வு பற்றிக் கேட்டார்களாம். சரோஜா சைக்கிள் டியூப் வால்வைச் சொல்லி, ஒரு பக்கம்தான் திறக்கும் என்று விளக்கினாளாம். கேட்டவர் மேஜையைத் தட்டிச் சிரித்தாராம். பாலு உள்ளே போய் நன்றாகத்தான் பேசினானாம். ஆனால் வெளியே வந்தபோது அவன் கைக்குட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது.

சரோஜாவுக்குத் தபால் வந்தது. பாலுவுக்கு வரவில்லை. பத்து நாள் தபால்காரரை எதிர்பார்த்துவிட்டு அவன் படுத்துக்கொண்டான். நான் உன் கடைப் பக்கமே வரவில்லை. அவன் படுத்த மூன்றாம் நாள் நீயே வந்தாய். இனிப்போடு வருவாய், அதை எப்படி வாங்கிக்கொள்வது என்று தவித்துக்கொண்டிருந்தேன். நீ வெறுங்கையோடு வந்து, "பாலு எங்க? சாயங்காலத்துல கடையில ஆள் இல்ல. வந்து குந்த சொல்லு" என்றாய்.

அந்த ஒரு வருஷம் அவன் பகலில் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக வாத்தியார், சாயங்காலம் உன் கடையில். நீ அவனைச் சும்மா விடவில்லை. "ஈரல் இன்னாத்துக்கு கீது?" என்று கேட்பாய். அவன் ஆங்கிலத்தில் ஆரம்பிப்பான். "எனுக்கு புரியற மாதிரி சொல்லு, அவுங்களுக்கும் புரியும்" என்பாய். காற்றடிக்க வந்தவர்களெல்லாம் நின்று கேட்பார்கள். தெருவில் பாதிப் பேருக்கு அந்த வருஷம் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று தெரியும்.

சரோஜா பாடம் படிக்க விடுமுறைக்குக் கொண்டுவந்த மனித எலும்புப் பெட்டியை நீ கடை மூலையில் வைத்திருந்தாய். ஒரு நாள் வாடகைக்கு வந்த ஒருவர், ஸ்பேனர் தேடுகிறேன் என்று அதைத் திறந்துவிட்டார். தொடை எலும்பும் கையுமாக அவர் போட்ட கூச்சலில் ஸ்டேஷனிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். நீ அமைதியாக எலும்பை வாங்கித் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, "வாடக பாக்கி வெச்சவங்களது" என்றாய். அந்த மாதம் எல்லோரும் நேரத்துக்கு சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

மறு வருஷம் பாலு திரும்ப விண்ணப்பம் போட்டான். எல்லாம் சரி பார்த்து முடித்து, அவன் வெளியே போயிருந்த நேரம், உன் கடையில் உட்கார்ந்து தாள்களுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தேன். நீ எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "கடேசி பக்கத்தைக் காட்டு. கையெழுத்து போட்டுகிறானா?" என்றாய்.

எனக்கு ஊசி விரலில் குத்திவிட்டது. "கடைசிப் பக்கத்துலதான் கையெழுத்துன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"போன வருசம் அந்த ஆபீசரு கட்டுமரத்து மேல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாரே. உன் புள்ளது அடியில இன்னாமோ கிறுக்கி இருந்துச்சு. எம் பொண்ணுது வெள்ளையா இருந்துச்சு. படிக்க வராதவளுக்கு வெள்ளை எடம் கூடவா தெரியாது? அப்பால உன் மூஞ்சியப் பாத்தேன். சரி, அது ஏதோ முக்கியமான எடம்னு தெரிஞ்சி பூட்ச்சி."

குத்தின விரலைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டேன். "அப்பவே ஏன் கேட்கல?" என்றேன்.

"இன்னாத்துக்கு? சாயங்காலம் சரோஜா வந்துகினு இருந்தா. நானே போட சொல்லி இருப்பேன். எனுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. நீ தான் பாவம், வழி பூரா பேஜாருல இருந்தே. நீயே சொன்னா தான் உனுக்கு ஆறும்னு வுட்டேன். அதான் பையைக் கூட உன்னாண்டயே குடுத்தேன்."

"நான் சொல்லாம இருந்திருந்தா?"

நீ யோசித்தாய். "ராத்திரி வந்து காயிதத்தை வாங்கி இருப்பேன். ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டேன்." அப்புறம் பம்பை எடுத்துக்கொண்டே சொன்னாய்: "ஆனா உன் வூட்டுல காப்பி குடிச்சிருக்க மாட்டேன்."

நான் அழுதேனா சிரித்தேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்துதான் வந்தது. நீ என் பக்கம் பார்க்காமல் ஒரு டயருக்குக் காற்றடித்துக்கொண்டே இருந்தாய். அந்த டயருக்கு அவ்வளவு காற்று தேவையே இல்லை.

பாலுவுக்கு அந்த வருஷம் இடம் கிடைத்தது. தபாலைப் பிரித்ததும் அவன் என்னிடம் வரவில்லை, உன் கடைக்குத்தான் ஓடினான். எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். பிள்ளைகள் ஏதாவது செய்துவிட்டு முகம் வெளிறி உட்கார்ந்திருந்தால், முன்பெல்லாம் காதைப் பிடித்து எழுப்பிவிடுவேன். அப்புறம் அப்படிச் செய்ய வரவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பி, எழுத ஒன்றும் இல்லாவிட்டாலும், எதையாவது மெதுவாக எழுதிக்கொண்டிருப்பேன். பாதிப் பிள்ளைகள் தாமாக எழுந்து வந்து சொல்லிவிடும். மீதிப் பாதி வராது. அதுவும் பரவாயில்லை என்று விட்டுவிடுவேன்.

நீ சரோஜாவோடு மதுரைப் பக்கம் போன பிறகு நாம் பார்த்துக்கொண்டது அபூர்வம்தான். நாற்பது நாளுக்கு முன் ஒரு காலை, பாலு நோயாளிகளை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான். சாப்பிட்டாயா என்று கேட்டான். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தான். ஐம்பதை நெருங்குகிறவன், எத்தனையோ குடும்பங்களுக்குக் கெட்ட செய்தி சொல்லிப் பழகியவன், என் எதிரே நிற்கத் தெரியாமல் நின்றான். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. முருங்கைக் கீரையை எடுத்து வைத்து ஆய ஆரம்பித்தேன். அவனும் எதிரே உட்கார்ந்து காம்பும் இலையுமாக ஆய்ந்தான். பாதிக் கீரை முடிந்த பிறகு, "அம்மா, சரோஜா போன் பண்ணினா" என்றான்.

அன்று முழுக்க உன்னைப் பற்றித்தான் பேச்சு. அழுதோம், அதைவிட அதிகம் சிரித்தோம். அப்போது பாலு எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னான். இடம் கிடைக்காத அந்த வருஷத்தில் ஒரு நாள், எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரயில்வே வேலைக்கே போய்விடுகிறேன் என்று உன்னிடம் சொன்னானாம். நீ சொன்னாயாம்: "உங்கம்மா உன் காயிதத்தை மடியில வெச்சுகினு, என் சைக்கிள் பின்னால, வெயில்ல, கடலாண்ட வரைக்கும் வந்து திரும்பிச்சு தெரியுமா? நடுவுல எத்தினி கஷ்டம் இருந்துச்சின்னு அதுக்கு தான் தெரியும். கடேசில சரியா தான் வந்து எறங்கிச்சு. நீ இன்னாத்துக்கு பாதி வழியில எறங்கற?"

அந்த நாளைப் பற்றி என் மகனிடம் நீ சொன்னது அவ்வளவுதான். அவன் இத்தனை வருஷமும் என்னை அந்தக் கதையில் வைத்துத்தான் பார்த்திருக்கிறான். எனக்குத் தெரிந்த கதையை அவனிடம் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். சொல்லவில்லை. நீ அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போன கதையை நான் ஏன் திருத்த வேண்டும்? மீதி இருக்கிற நாளில் அதற்குத் தக்கபடி நடந்துகொள்ளப் பார்க்கிறேன்.